காற்று வருஷம்

மலைப்பாதைப் போட்டி முடிந்த மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். காலைக் கூட்டம் வடிந்திருந்தது. நீள பெஞ்சில் ஒருவர் மட்டும் முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரரின் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. கையில் இரண்டாக மடித்த தாள்.

"ரத்தம் குடுக்க வரலக்கா. ஒரு கணக்குக் கேக்க வந்தேன்."

"உன்னைக் குத்தினா மாவுதான் வரும். உள்ளே வா."

கூடத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் அவளைச் சைக்கிள் கிளப்பில் எல்லோரும் கடிகார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வயதில் கிளப்பில் சேர்ந்தவள். இப்போது ஐம்பது. அவள் ஒருநாளும் அந்த மலையில் சைக்கிள் ஏறியதில்லை. ஏறுகிறவர்களின் நேரத்தை உச்சியில் நின்று எழுதியவள். நான்கு வருடங்களுக்கு முன்பு, வீரர்களின் கணுக்காலில் கட்டி நேரம் பதியும் சில்லும் மடிக்கணினியும் வந்த பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பழைய நோட்டுகள் அவளிடம்தான் இருந்தன.

பேக்கரிக்காரர் தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். அடிவாரப் பாலத்திலிருந்து உச்சிவரை இருபத்தொரு கிலோமீட்டர், முப்பத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவருடைய நேரம் ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தேழு நொடி.

"பதினோரு வருஷமா ஏறுறேன். அதுல ஆறு வருஷம் அறுபதுக்கும் அறுபத்தொண்ணுக்கும் நடுவுலயே மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். இந்த வருஷம்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தேன். இன்னும் முப்பத்தஞ்சு செகண்ட் இடிக்குது."

அந்த முப்பத்தைந்து நொடி எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் சாலைத் துறையின் சாமான் கொட்டகை ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயரும் 59:12 என்ற எண்ணும் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கின்றன. இந்த வருடம்வரை ஒரு மணி நேரத்துக்குள் ஏறிய ஒரே ஆள். அந்தப் பெயர் அவளுடைய தம்பியின் பெயர். சாதனை செய்த ஐந்தாவது வாரம், மழை பெய்த ஒரு காலையில், அதே பாதையில் இறங்கும்போது இருபத்திரண்டாம் வளைவில் தடுப்புக்கல்லைத் தாண்டிப் போய்விட்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு.

"முட்டி டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"இன்னொரு வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்னார். அவருக்கென்ன, ரெண்டுல ஒண்ணு நடந்தா அவர் சொன்னது பலிச்சுடும்."

"வீட்டுல?"

"முட்டிக்குத் தேச்ச தைலத்துல நீச்சல் குளமே நிரப்பியிருக்கலாம்கிறா." சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "அக்கா, ஒண்ணு கேக்கணும். செவத்துல இருக்கற அண்ணனக் கொறைச்சுப் பேசுறேன்னு நினைக்காதீங்க. அது காத்து வருஷம்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? அந்தக் காத்து எவ்வளவு குடுத்துச்சு? உங்ககிட்ட நோட்டு இருக்கு. முந்தின வருஷம், பிந்தின வருஷம், எல்லார் நேரத்தையும் வச்சுப் பார்த்தாத் தெரியும். காத்து ஒரு முப்பது, நாப்பது குடுத்திருந்தா, என் காலும் அண்ணன் காலும் ஒண்ணுதான்னு வச்சுக்குவேன். சைக்கிள ஆணில மாட்டிடுவேன். குடுக்கலைன்னா இன்னொரு வருஷம் ஏறித்தான் ஆகணும்."

"ஞாயித்துக்கிழமை பார்த்துச் சொல்றேன்," என்றாள்.

காற்று வருஷம் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு ஓட்டிய முப்பத்தொரு பேரில் ஏறக்குறைய எல்லோருமே தங்கள் வாழ்நாளின் சிறந்த நேரத்தை அன்றுதான் எட்டினார்கள். பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி ஒரு காற்று எழும்பி முதுகில் கை வைத்துத் தள்ளியது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் காற்றை நினைவு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து நோட்டுகளைப் பரப்பினாள். ஜன்னலோரம் அம்மா வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்து நான்கு வயது. கண்ணில் புரை விழுந்து, பக்கத்தில் வந்தால்தான் ஆள் தெரியும். அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த வருடத்து முடிவுத் தாள் தொங்கியது. முப்பத்தொரு பெயர்கள். முதல் வரி தம்பி. கையெழுத்து அவளுடையது.

மூன்று வருடங்களிலும் ஓட்டியவர்களைத் தனியாக எடுத்தாள். இருபத்து மூன்று பேர். முந்தின வருடத்தையும் பிந்தின வருடத்தையும் கூட்டிப் பாதியாக்கி, காற்று வருடத்து நேரத்தை அதிலிருந்து கழித்தாள். ஒருவருக்கு நாற்பத்தெட்டு நொடி கிடைத்திருந்தது. இன்னொருவருக்கு ஐம்பத்தாறு. அடுத்தவருக்கு ஐம்பத்து மூன்று. சட்டென்று பென்சிலைக் கீழே வைத்தாள்.

காற்று அப்படிக் கொடுக்காது. ஒன்றரை மணி நேரம் சாலையில் கிடந்தவனை அது ஒன்றரை மணி நேரம் தள்ளும். ஒரு மணி நேரத்தில் ஏறியவனை ஒரு மணி நேரம்தான் தள்ளும். அகல முதுகுக்காரனுக்கு ஒரு விதமாகவும் ஒல்லிக்குச்சிக்கு வேறு விதமாகவும் கொடுக்கும். இங்கே முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும், குண்டனுக்கும் ஒல்லிக்கும், ரேஷன் கடையில் அளந்து போட்டதுபோல ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பது நொடி.

பரிசோதனைக் கூடத்தில் இது வாரம் ஒருமுறை நடக்கும் விஷயம். காலையில் வந்த நாற்பது பேருக்கும் சர்க்கரை ஒரே அளவு கூடியிருந்தால் அவள் நாற்பது பேரையும் பார்க்க மாட்டாள். இயந்திரத்தைத்தான் பார்ப்பாள்.

நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பகுதிக்குப் போனாள்.

அந்தக் காலத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று அடிவாரத்தில், புறப்படும் நேரத்தை எழுத. மற்றது உச்சியில், வந்து சேரும் நேரத்தை எழுத. இரண்டும் சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்கள். முள்ளைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க முயன்றால் நொடி முள் ஒத்துழைக்காது. அதனால் கிளப்பில் ஒரு விதி இருந்தது: முள்ளைத் தொடாதே, வித்தியாசத்தை எழுது. காலையில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உச்சிக் கடிகாரம் எத்தனை நொடி முன்னால் ஓடுகிறது என்று பக்கத்தின் தலையில் எழுதுவார்கள். போட்டி முடிந்ததும் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். உச்சிக் கடிகாரம் முன்னால் ஓடினால், ஒவ்வொருவர் நேரத்திலிருந்தும் அத்தனை நொடியைக் கழிக்க வேண்டும். பின்னால் ஓடினால் கூட்ட வேண்டும்.

உச்சிக் கடிகாரம் எப்போதும் முன்னால்தான் ஓடும். சேர்ந்ததிலிருந்து மூன்று வருடமும் கழித்துத்தான் அவளுக்குப் பழக்கம். நான்காம் வருடம் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு கடிகாரத்தைப் பழுதுக்குக் கொடுத்து, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு வாங்கியிருந்தார்கள்.

பக்கத்தின் தலையில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: மேல் கடிகாரம் 26 நொடி பின். போட்டிக்குப் பிறகு பார்த்தது: 26 நொடி பின்.

அதற்குக் கீழே முப்பத்தொரு வரிகள். ஒவ்வொன்றிலும் இருபத்தாறு கழிக்கப்பட்டிருந்தது. அடுத்த வருடத்துப் பக்கத்தைப் புரட்டினாள்: உச்சிக் கடிகாரம் மறுபடி முன்னால் ஓடியிருந்தது, அங்கே கழித்தது சரி.

தம்பியின் வரியைப் பார்த்தாள். இரண்டு கடிகாரங்களும் காட்டிய இடைவெளி 59:38. கூட்டியிருந்தால் 60:04. கழித்ததில் 59:12.

வானொலியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு உச்சியில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடங்களும் அதை அவள் ஒரு சந்தோஷமான ஞாபகமாக வைத்திருந்தாள். தம்பி எப்போதும் அப்பாவின் கைக்கடிகாரத்தை சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டுதான் ஏறுவான். அன்று கணக்கு முடிந்து பட்டியலை ஒட்டியதும் கூட்டம் கத்தியது. அவன் கைப்பிடியைக் குனிந்து பார்த்தான். பிறகு பட்டியலைப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து, "சரியாப் போட்டியாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு தடவ பார்த்துட்டேன்டா," என்றாள்.

உண்மைதான். கழித்தல் சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்திருந்தாள். கழிக்க வேண்டுமா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதற்குள் நான்கு பேர் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

முப்பத்தொரு பேருக்கும் ஒரே மாதிரி கழித்திருந்தாள், தம்பிக்கென்று எதுவும் செய்யவில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். பிடி கொடுக்கவில்லை. அவள் நோட்டை மூடினால் போதும். சுவரில் உள்ள எண் சுவரிலேயே இருக்கும். அம்மா தலைக்கு மேல் உள்ள சட்டம் அப்படியே இருக்கும். பேக்கரிக்காரரிடம், காற்று ஐம்பது நொடி கொடுத்தது, நீ சைக்கிளை மாட்டிவிடு என்று சொல்லிவிடலாம். அவருடைய முட்டிக்கும் அது நல்லது. ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அந்த மலையில் ஒரு மணி நேரத்துக்குள் முதன்முதலாக ஏறியவர் இரண்டாவதாக ஏறியவராகவே கடைசிவரை இருப்பார்.

"என்ன, பெருமூச்சு விட்டுக்கிட்டே இருக்கே?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் மூணு தடவ விட மாட்டாங்க."

அவள் எழுந்து போய் அம்மாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலே இருந்த சட்டத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மா, தம்பியோட நேரம் தப்பு."

"எந்த நேரம்?"

"அந்த அம்பத்தொம்பது பன்னெண்டு. நான் போட்ட கணக்குத் தப்பு. கூட்ட வேண்டியதக் கழிச்சுட்டேன். எல்லாருக்கும்தான். ஆனா அவன் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறல."

அம்மா கையை நீட்டித் தடவி வானொலியை அணைத்தாள். "பின்ன எவ்வளவு?"

"அறுபது நிமிஷம் நாலு செகண்ட்."

"நாலா?"

"நாலு."

அம்மா சேலைத் தலைப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நாலுன்னுதான் சொன்னான்," என்றாள்.

"யாரு?"

"போட்டி முடிஞ்ச மறுநாள் வாசல்ல உட்கார்ந்து சைக்கிளத் தொடச்சுக்கிட்டு இருந்தான். ஜெயிச்சாச்சே, ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடுது, இன்னும் என்னடா அதோட மல்லுக்கட்டுறேன்னு கேட்டேன். 'நாலு செகண்ட் இருக்கும்மா. அத இறக்கிட்டா அப்புறம் தொடமாட்டேன்'னான். ஜெயிச்சும் ஆசை அடங்கலையேன்னு நினைச்சேன். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் என்ன தெரியும்? 'அக்காகிட்ட சொல்லாதே, அவ சங்கடப்படுவா'ன்னான். மலைக்குப் போகக் கூடாதுன்னு நீ திட்டுவே, அதுக்குச் சொல்றான்னு நினைச்சுக்கிட்டேன்."

போட்டிக்குப் பின் ஐந்து வாரத்தில் அவன் பதினொரு முறை மலை ஏறினான். தனியாக, ஒரு கைக்கடிகாரத்தோடு. சாதனை செய்துவிட்ட ஆள் எதற்காக மழையிலும் ஏறினான் என்பது கிளப்பில் யாருக்கும் விளங்காத விஷயம். சாவு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திமிர் என்று ஒருவர் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரிஞ்சும் சொல்லலம்மா. நெஜமாவே ஏறிட்டா அப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லன்னு... அதுக்குத்தான் போயிருக்கான். நான் ஒழுங்காக் கூட்டியிருந்தா—"

"கூட்டியிருந்தா போயிருக்க மாட்டானா?"

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"போயிருப்பான்னு சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும். எனக்குத் தெரியாதுடி. நெஜமாத் தெரியாது. தெரியாததச் சொல்லமாட்டேன்." அம்மா கையைத் தூக்கி, மகளின் முகம் இருக்கும் இடத்தைத் தேடித் தொட்டாள். கன்னம் ஈரமாக இருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் கொஞ்சம் வலிக்கும்படியாகவே துடைத்தாள். "உனக்காக அவன் ஒண்ண மறைச்சான். அவனுக்காக நீ ஒண்ண மறைக்காதே. இந்த வீட்டுல மறைச்சது போதும். போய்ச் சொல்லிடு."

கிளப்பின் அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாடை எப்போதும் மாடிப்படி ஏறி வரும். செவ்வாய்க்கிழமை மாலை அவள் நோட்டோடு போனபோது தலைவரும் பேக்கரிக்காரரும் மட்டும் இருந்தார்கள். பேக்கரிக்காரரை அவளே வரச் சொல்லியிருந்தாள். தலைவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அதே மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்தில் அடிவாரக் கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது.

அவள் பக்கத்தைத் திறந்து வைத்து, தலைப்பகுதியில் விரலை வைத்து, நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "இத யாரு யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. இப்ப உங்க ரெண்டு பேருக்கு."

"நாலு பேரும் நல்லவங்க. பேசாம நோட்ட மூடிடலாம்."

"அண்ணே—"

"நான் சொல்றதக் கேளும்மா. போனவன் வந்து கேக்கப் போறானா? இருபத்திரெண்டு வருஷமா அந்தச் சுவரப் பார்த்துத்தான் பசங்க கடைசி வளைவுல எழுந்து நின்னு மிதிக்கிறாங்க. அத அழிச்சு யாருக்கு என்ன லாபம்?"

"இவருக்கு," என்று பேக்கரிக்காரரைக் காட்டினாள்.

தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். சரிபார்க்கப்பட்டது என்ற வார்த்தைக்குக் கீழே அது அவருடைய கையெழுத்து.

"நான் சரிபார்க்கல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எந்த வருஷமும் பார்த்ததில்ல. நீ போட்ட கணக்குன்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அத உனக்குக் குடுத்த மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

பேக்கரிக்காரர் எழுந்து ஜன்னலிடம் போனார். கீழே யாரோ டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் இவர்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஆக, நான் இத்தனை வருஷம் துரத்தினது அண்ணன இல்ல. உங்க கழித்தல."

"ஆமா."

"மூணு வருஷம் முன்னாடி அறுபது பத்துல வந்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கி ஆறு செகண்ட்லதான் நின்னிருக்கேன். நான் அம்பத்தெட்டுன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போயி குளியலறைல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். இந்தக் கால் அவ்வளவுதான், இனி வராதுன்னு முடிவு பண்ணி ஒரு வருஷம் சைக்கிளையே தொடல. அந்த ஒரு வருஷம் முட்டி நல்லா இருந்துச்சுக்கா. அப்பத்தான் நல்லா இருந்துச்சு."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம். இப்பக் கேட்டீங்கன்னா பரவாயில்லக்கான்னு சொல்லிடுவேன். பழக்கம். ஆனா இது பரவாயில்லன்னு விடுற விஷயம் இல்ல."

பிறகு அவர், "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அம்மா சொன்னதை அவள் சொன்னாள். பதினொரு முறையையும் சொன்னாள். சொல்லும்போது மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தம்பியின் உடலை வளைவிலிருந்து மேலே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவர்.

பேக்கரிக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாலு செகண்ட்," என்றார். "அது எங்க போகும்னு எனக்குத் தெரியும். இருபத்தாறாவது வளைவுல தண்ணி பாட்டில எடுத்துக் குடிச்சுட்டுத் திருப்பி வைக்கிற நேரம். நானும் அங்கதான் விட்டேன். இந்த வருஷம் அங்க குடிக்கல." நோட்டில் தம்பியின் வரியைத் தொட்டார். "ஒத்தையா ஏறியிருக்கார். பக்கத்துல ஆள் இல்லாம அந்த நாலு செகண்ட் போகாது. பதினோரு தடவ..." தலையை ஆட்டினார்.

தலைவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சுவத்துல என்னப்பா எழுதறது?"

"என் பேர எழுதுங்க."

"அவன் பேரு?"

"அதையும் எழுதுங்க. அறுபது நாலுன்னு எழுதுங்க. என் பேரு மேல இருக்கணும்." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "அதுக்குத்தான் ஏறினேன். தப்பா நினைக்காதீங்க."

"தப்பே இல்ல," என்றாள் அவள்.

மாடிப்படியில் இறங்கும்போது, "அப்ப சைக்கிள ஆணில மாட்டுறியா?" என்று கேட்டாள். "தெரியல," என்றார் அவர். டயர் கடைக்காரரிடம் விலகச் சொல்லித் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மிதிக்காமல் உருட்டிக்கொண்டே தெருவில் போனார்.

முப்பத்தொரு பேருக்கும் தானே சொல்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டு பேர் இப்போது இல்லை, தம்பியையும் சேர்த்து. மூன்று பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மற்ற இருபத்தாறு பேரையும் மூன்று மாலைகளில் தொலைபேசியில் கூப்பிட்டாள். யார் என்று சொன்னாள். உங்கள் நேரத்தில் ஐம்பத்திரண்டு நொடி கூடுகிறது, தவறு என்னுடையது என்றாள்.

சலவைக்கடை வைத்திருந்தவர், "அப்போ நான் எழுபது நிமிஷத்துக்குள்ள ஏறலையா?" என்று கேட்டார்.

"எழுபது பதினேழு."

பின்னணியில் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. "இருபத்திரெண்டு வருஷமா பீத்திக்கிட்டாரே! குடுங்க போன, அந்தம்மாவுக்கு நான் நன்றி சொல்லணும்."

அன்று கடைசியாக வந்தவர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். "நான் கடைசிதானே? அது மாறலையே?"

"மாறல."

"நல்லவேளை. ஒரு பதட்டம் வந்துடுச்சு."

ஒருவர் கோபப்பட்டு வைத்துவிட்டார். ஒருவர் அழுதார், ஆனால் அது நேரத்துக்காக அல்ல, தம்பிக்காக. மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை பார்த்த ஒருவர் பேச்சை முடிக்கும் முன் தயங்கினார்.

"அன்னிக்கி காத்தே இல்லம்மா," என்றார். "நான் மேல வந்தப்ப கொட்டகைமேல கட்டின கொடி ஈரத் துணியாட்டம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். சொன்னேன், யாரும் காதுல வாங்கல. எல்லாரும் காத்து காத்துன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நானே காத்து அடிச்சதாச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். எனக்கே முதுகுல பட்ட மாதிரி இருந்துச்சு."

பேசி முடித்தவர்களின் வரியை உடனுக்குடன் நோட்டில் திருத்தினாள். கிடைக்காதவர்களுடையதையும் திருத்தினாள். பரிசோதனைக் கூடத்தில் தவறான எண்ணைத் திருத்த ஒரு முறை உண்டு. சுரண்டக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. பழைய எண் கோட்டுக்குள் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். காரணத்தை முப்பது இடத்திலும் எழுதினாள்: கூட்ட வேண்டியதைக் கழித்தேன்.

மூன்றாம் மாலை ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. ஸ்டூல்மேல் ஏறிச் சட்டத்தை இறக்கினாள். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பித் தாளை வெளியே எடுத்தாள். வெளிச்சம் படாத ஓரங்களில் தாள் இன்னும் வெள்ளையாக இருந்தது. நோட்டில் தம்பியின் வரியைத் திருத்திவிட்டு, தாளிலும் அதேபோலக் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் வளைந்தது. அதைத் திருத்தவில்லை.

ஜன்னலோரத்திலிருந்து அம்மா, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"படி."

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்து முதல் வரியைப் படித்தாள். தம்பியின் பெயர். புறப்பட்ட நேரம். வந்து சேர்ந்த நேரம். "அறுபது நிமிஷம் நாலு செகண்ட்," என்று முடித்தாள்.

அம்மா சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அதுதான்," என்றாள். "மாட்டு."